வன்னியும் இயக்கமும்: பரீட்சைக்கு வராத கேள்விகள்

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே இருக்கிற வன்னியில், கிளிநொச்சியில் பின்னேர வகுப்பில் வரலாறு படிப்பிக்கிறேன். முன்னால் இருக்கிற பிள்ளைகளில் அநேகம் பேர் 2009இல் போர் முடிந்த பிறகு பிறந்தவர்கள். பாடம் நடக்கும்போது கேள்வி வராது. வகுப்பு முடிந்து சைக்கிளை எடுக்கப் போகும்போதுதான் ஒருத்தன் மெல்ல வருவான்: "சேர், அப்பா இயக்கத்தில இருந்தவர் எண்டு அம்மம்மா சொன்னவா. அப்பாட்டக் கேட்டா எழும்பிப் போயிடுறார். நீங்கள் சொல்லுங்கோவன்." வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வருகிற மருமக்களும் இதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் உரத்த குரலில்.

நான் இயக்கத்தில் இருந்தவன் இல்லை. முத்தையன்கட்டுப் பக்கம் பிறந்து, தடைக்காலத்தில் பள்ளிக்கூடம் போய், 2009 மே வரைக்கும் உள்ளுக்குள் இருந்தவன். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் நான் சொல்லிவருகிற பதில்களும் இவை.

"இயக்கம்" என்றால் எந்த இயக்கம்?

இன்றைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் விடுதலைப் புலிகள்தான். 1984, 85இல் அப்படியில்லை. ஒருவன் இயக்கத்துக்குப் போய்விட்டான் என்றால் அடுத்த கேள்வி "எந்த இயக்கம்?" என்பதுதான். புலிகள், ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எவ், ஈரோஸ் என்று ஐந்து பெரியவை. சின்னச் சின்னதாக இன்னும் பல. வவுனியாப் பக்கம் புளொட்டுக்குத்தான் ஆட்கள் கூட.

வல்வெட்டித்துறையில் 1954இல் பிறந்த வேலுப்பிள்ளை பிரபாகரன், 1972இல் தொடங்கிய புதிய தமிழ்ப் புலிகள் என்ற சிறு குழுவை 1976 மே 5ஆம் திகதி தமிழீழ விடுதலைப் புலிகள் என்று பெயர் மாற்றினார். அதற்கு முதல் வருடம், 1975 ஜூலையில், யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். பிரபாகரன் பெயர் வெளியே வந்தது அந்தக் கொலையோடு.

சரி, ஐந்து எப்படி ஒன்றானது? 1986 ஏப்ரல், மே மாதங்களில் புலிகள் ரெலோவை அழித்தார்கள். அதன் தலைவர் சிறீ சபாரத்தினமும் கொல்லப்பட்டார். அந்த வருடக் கடைசியில் ஈபிஆர்எல்எவ் மீதும் கைவைத்தார்கள். செத்தவர்கள் எல்லோரும் தமிழ்ப் பெடியள். ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்கூட இருந்தார்கள். "எந்த இயக்கம்?" என்று கேட்கும் தேவை அதோடு இல்லாமல் போயிற்று.

ஏன் ஆயுதம் எடுத்தார்கள்? பேசியிருக்கலாமே?

பேசினார்கள், முப்பது வருடம். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். தமிழ்த் தலைவர்களோடு செய்த ஒப்பந்தங்கள் கிழிக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல், அதாவது தமிழ்ப் பிள்ளைகள் கூடப் புள்ளி எடுக்க வேண்டும். 1976 மே 14இல் தனிநாடு கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், அடுத்த வருடம் கலவரம், 1981இல் யாழ் நூலகம் எரிப்பு. 1983 ஜூலை 23இல் திருநெல்வேலியில் புலிகள் வைத்த கண்ணியில் 13 இராணுவத்தினர் செத்தார்கள். அதன் பிறகு கொழும்பில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தைத்தான் கறுப்பு ஜூலை என்கிறோம். அதற்கு முன்னர் புலிகளில் சில பத்துப் பேர்தான் இருந்திருப்பார்கள். அதற்குப் பின்னர் பெடியள் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் இது யாழ்ப்பாணத்துக் கதை. வன்னிக்கு வேறொரு கதை உண்டு, அதை ஒருவரும் கேட்பதில்லை.

1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு எல்லைக் காடுகளில் குடியேறின. காந்தியம் என்ற அமைப்பு அவர்களுக்கு நிலமும் கிணறும் தந்தது. கென்ற் பண்ணை, டொலர் பண்ணை என்பவை அப்படிப்பட்ட இடங்கள். 1984இல் அந்தக் குடும்பங்களை அரசு எழுப்பிவிட்டு, சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து இருத்தியது. அந்த நவம்பர் 30ஆம் திகதி புலிகள் அங்கே புகுந்து அறுபதுக்கு மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் அடக்கம். அடுத்த சில நாட்களுக்குள் ஒதியமலையில் இராணுவம் முப்பதுக்கு மேற்பட்ட தமிழ் ஆண்களைப் பிடித்துச் சுட்டது. கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ச் சனம் ஊரைவிட்டு ஓடியது. மணலாறு என்ற அந்தப் பகுதி சிங்களப் பெயரில் வெலிஓயா ஆனது இப்படித்தான். பின்னாளில் காணியில்லாத அந்த மலையகக் குடும்பங்களின் பிள்ளைகள்தான் இயக்கத்தின் முன்னணி வரிசையில் நிறையப் பேர் நின்றார்கள். அதைப் பற்றி வீரக்கதை எழுதியவர்கள் குறைவு.

யாழ்ப்பாணத்து இயக்கம் எப்படி வன்னிக்கு வந்தது?

இரண்டு தடவை வந்தது. முதல் தடவை ஒளிக்க, இரண்டாம் தடவை ஆள.

1987 ஜூலை 29இல் இலங்கை–இந்திய ஒப்பந்தம். இந்திய அமைதிப்படை வந்தது. ஒக்டோபரில் அதனோடேயே சண்டை மூண்டது. யாழ்ப்பாணம் கைவிட்டுப் போக, பிரபாகரன் முல்லைத்தீவுக் காட்டுக்குள் வந்தார். மணலாறு, நித்திகைக்குளம், அலம்பில் காடுகள். பாலையும் வீரையும் அடர்ந்து நிற்கிற அந்தக் காட்டுக்குள் பாதை தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்து வேட்டைக்காரர்களும் தேன் எடுப்பவர்களும்தான். இந்தியப் படை எத்தனையோ சுற்றிவளைப்புச் செய்தும் பிடிக்க முடியவில்லை. செத்த போராளிகளை, மாவீரர்களை, நினைவுகூரும் முதலாவது மாவீரர் நாளை 1989 நவம்பரில் அந்தக் காட்டுக்குள்தான் நடத்தினார்கள். 1990 மார்ச்சில் இந்தியப் படை போனதும் யாழ்ப்பாணம் திரும்பிவிட்டார்கள்.

இரண்டாம் தடவை 1995. ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நடந்தது. டிசெம்பரில் யாழ்ப்பாணம் இராணுவத்திடம் விழுந்தது. கிளாலிக் கடலேரியைப் படகில் தாண்டி இயக்கமும் வந்தது, சனமும் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து மாமரத்துக்குக் கீழே பத்துக் குடும்பம் இருந்தது நினைவிருக்கிறது. வன்னியாருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் கிணற்றடியில் நடந்த சண்டைகளை எழுதப் போனால் அது தனிப் புத்தகம்.

1996 ஜூலை 18இல் முல்லைத்தீவு இராணுவ முகாமை இயக்கம் அடித்து விழுத்தியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினர் செத்தார்கள். ஓயாத அலைகள் என்று அதற்குப் பெயர். இராணுவம் கிளிநொச்சியைப் பிடித்தது. பிறகு 1997 மே 13இல் ஏ-9 வீதியைத் திறக்கிறோம் என்று ஜெயசிக்குறு என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஒவ்வொரு சந்தியாக ஒன்றரை வருடம் இழுபட்டது. 1998 செப்ரெம்பரில் கிளிநொச்சி மறுபடி இயக்கத்தின் கையில். 1999 நவம்பரில் ஒட்டுசுட்டானிலிருந்து கிளம்பிய மூன்றாவது ஓயாத அலைகள் சில நாட்களில் வவுனியா வாசல்வரை போய் நின்றது. 2000 ஏப்ரல் 22இல் ஆனையிறவும் விழுந்தது.

தனி அரசாங்கமே நடந்ததாமே?

நடந்தது, ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை.

இளநீலச் சட்டை போட்ட தமிழீழக் காவல்துறை 1991இலிருந்து இருந்தது. நீதிமன்றம், சட்டக்கல்லூரி, சுங்கம், வருமானவரி, போக்குவரத்துக் கழகம், வைப்பகம், புலிகளின் குரல் வானொலி, ஈழநாதம் பத்திரிகை எல்லாம் இருந்தன. தாய் தகப்பன் இல்லாத பெண் பிள்ளைகளுக்குச் செஞ்சோலை. சீதனத்துக்குத் தடை என்று சட்டமும் போட்டார்கள். சீதனம் நிற்கவில்லை, பேசுகிற குரல்தான் கொஞ்சம் இறங்கியது.

ஆனால் எனக்குப் படிப்பித்த வாத்தியாருக்குச் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி டொக்டருக்கும் அப்படியே. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரசாங்க அதிபர் இருந்தார், நிவாரண அரிசி அவர் ஊடாகத்தான். நாங்கள் எழுதிய சாதாரண தரப் பரீட்சை கொழும்புத் திணைக்களத்தின் பரீட்சை. கையில் புழங்கியது இலங்கை ரூபாய். ஒரு அரசு குண்டு போடும், அரிசியும் அனுப்பும். மற்ற அரசு காவல் காக்கும், பிள்ளையையும் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் கையெழுத்துப் போட்டுப் போட்டு வாழ்ந்த கச்சேரி உத்தியோகத்தர்களின் பாடு பெரும்பாடு. அவர்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பரிதாபமாக இருக்கும்.

இதை விளக்கப் பிள்ளைகளுக்கு நான் மணிக்கூட்டைச் சொல்லுவேன். 1996இல் மின்சாரம் மிச்சம் பிடிக்க அரசு நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. கடைசியில் அரை மணித்தியாலத்தில் வந்து நின்றது. இயக்கம் அதை ஏற்கவில்லை. அதனால் பத்து வருடம் வன்னியில் பழைய நேரம், ஓமந்தைக்கு அங்கால் புதிய நேரம். அனுமதி அட்டையில் பரீட்சை எட்டரைக்கு என்று போட்டிருந்தால் எங்கள் மணிக்கூட்டில் எட்டு மணிக்கே போய் இருக்க வேண்டும். கலியாண அட்டையில் "பழைய நேரம்" என்று அடைப்புக்குள் அச்சடிப்பார்கள். 2006 ஏப்ரலில் அரசு மறுபடி பழைய நேரத்துக்கே வந்தது. அந்த ஒரு விசயத்தில் மட்டும் இரண்டு அரசும் ஒத்துப்போக அவ்வளவு காலம் எடுத்தது.

பொருளாதாரத் தடையில் எப்படிச் சமாளித்தீர்கள்?

1990இலிருந்து 2002 வரைக்கும் பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம், பல மருந்துகள் எதுவும் வரவிடமாட்டார்கள். மோட்டார்சைக்கிளுக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவது. வீதியெல்லாம் புகை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய், மேலே திரி, அதுதான் படிக்கிற விளக்கு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவில் றேடியோ பாடும். செய்தி கேட்க வேண்டுமானால் யாராவது ஒருத்தர் வியர்க்க வேண்டும். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம். தேத்தண்ணிக்குப் பனங்கட்டி.

மலேரியா வேறு. செத்தவர்களில் பாதிப் பேர் ஷெல்லில் சாகவில்லை என்று எங்கள் ஊர்ப் பரியாரி சொல்லுவார். அது அவருடைய கணக்கு.

அப்போது களவே இல்லை, பெண்கள் நடுச்சாமத்திலும் தனியப் போனார்கள் என்கிறார்களே?

ஓரளவுக்கு உண்மை. இப்போது போதைப்பொருள், வாள்வெட்டு என்று கேட்கிறபோது பெரியவர்கள் "அண்ணை இருந்திருந்தால்" என்று பிரபாகரனைச் சொல்லித் தொடங்குவது அதனால்தான். சமாதான காலத்தில் ஏ-9இல் வேகம் அளக்கிற கருவியோடு நின்று தண்டம் எழுதினார்கள். கொழும்பு வாகனக்காரரும் அடங்கிப் போனார்கள்.

ஆனால் களவெடுக்கப் பயந்த அதே சனம் கதைக்கவும் பயந்தது. அதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதிக் கதை. துரோகி என்று ஒரு சொல் விழுந்தால் விசாரணை, பங்கர்ச் சிறை, சில வேளை மின்கம்பத்தில் கட்டிச் சூடு. பிரபாகரனுக்கு அடுத்தபடியாக இருந்த மாத்தையாவே 1993இல் பிடிக்கப்பட்டு, அடுத்த வருடம் கொல்லப்பட்டார். அவருக்கே அந்தக் கதி என்றால் ஊர்ச் சங்கக் கடை மனேஜர் வாய் திறப்பாரா? வெளியேயும் அப்படித்தான். 1989இல் அமிர்தலிங்கம், 1999இல் நீலன் திருச்செல்வம் என்று கொல்லப்பட்ட தமிழ் அரசியல்வாதிகளின் வரிசை நீளமானது.

வன்னியைவிட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். ஒருவர் போனால் வீட்டில் இன்னொருவர் பிணை நிற்க வேண்டும். என் சித்தப்பா கண் ஒப்பரேசனுக்கு வவுனியா போனபோது என் அப்பா பிணை நின்றார். சித்தப்பா திரும்பி வந்து படலையைத் திறக்கும்வரை வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. சொந்தச் சகோதரனையே அப்படிச் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

முஸ்லிம்களை வெளியேற்றியது வன்னியிலும் நடந்ததா?

நடந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முழுவதிலுமிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களை இயக்கம் துரத்தியது. யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம் அவகாசம். முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ச் சனத்துக்கும் அதே உத்தரவுதான், நேரம்தான் கொஞ்சம் கூடக்குறைய. தண்ணீரூற்றுக்குப் பக்கத்து நீராவிப்பிட்டி ஒரேயடியாக வெறுமையானது. காசு, நகை, உடுப்புப் பெட்டிகூட முழுசாகக் கொண்டுபோக விடவில்லை. புத்தளத்தில் கொட்டிலுக்குள் ஒரு தலைமுறை வளர்ந்தது. அதே வருடம் ஓகஸ்டில் காத்தான்குடியில் பள்ளிவாசலுக்குள் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதையும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

2002 ஏப்ரலில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சி வந்து பிரபாகரனைச் சந்தித்தார், திரும்பி வரலாம் என்று உடன்பாடு கண்டார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சப் பேர். "அது அரசியல்" என்று எங்கள் ஆட்கள் இப்போதும் சமாளிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனின் நிலைக்கதவைக் கழற்றிக்கொண்டு போனது எந்த அரசியல் என்று எனக்குத் தெரியவில்லை. துரத்தியது இயக்கம், கதவைக் கழற்றியது நாங்கள்.

பெண்கள் எப்படிச் சேர்ந்தார்கள்?

முதலில் விருப்பத்தோடுதான். 1987 ஒக்டோபர் 10இல் கோப்பாயில் இந்தியப் படையோடு மோதிச் செத்த மாலதிதான் முதல் பெண் மாவீரர். பிறகு மாலதி படையணி, சோதியா படையணி என்று பெரிதானது. சீதனம் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு இயக்கம் ஒரு வாசல். இராணுவத்துக்குப் பயந்தவளுக்கும் அது ஒரு வாசல். துவக்கோடு சைக்கிளில் போன அக்காமாரைப் பார்த்து வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன். பிற்காலத்தில் விருப்பம் கேட்கவில்லை. அதற்குக் கீழே வருகிறேன்.

உலகம் ஏன் அவர்களைப் பயங்கரவாதிகள் என்றது?

செய்ததைப் பார்த்துத்தான். 1985இல் அநுராதபுரத்தில் பேருந்து நிலையத்திலும் சிறீமகா போதியிலும் பொதுமக்களைச் சுட்டு 140க்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1987 ஜூலை 5இல் நெல்லியடியில் மில்லர் லொறி நிறைய வெடிமருந்தோடு இராணுவ முகாமுக்குள் போனதோடு கரும்புலிகள் என்ற தற்கொலைப் படை தொடங்கியது. அதன் பிறகு 1991 மே 21இல் சிறீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி, 1993 மே தினத்தில் ஜனாதிபதி பிரேமதாசா, 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கி, 1998இல் கண்டி தலதா மாளிகை. மத்திய வங்கியில் செத்தவர்கள் தொண்ணூறு பேரளவில். கண் பார்வை போனவர்களும் நிறைய. கந்தோருக்கு வேலைக்கு வந்த சனம் அது. இந்தியா 1992இல் தடைசெய்தது, அமெரிக்கா 1997இல், பிரித்தானியா 2001இல், கனடாவும் ஐரோப்பிய ஒன்றியமும் 2006இல்.

ராஜீவ் கொலையோடு தமிழ்நாட்டுக் கதவு சாத்தப்பட்டது. அந்த ஒரு குண்டுக்கு வன்னிச் சனம் கட்டிய விலை பெரிது. அதை அப்போது வாய்விட்டுச் சொன்னவர் எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தார்.

சமாதான காலம்?

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்தம். ஏப்ரலில் ஏ-9 திறந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்காமல் போன வாகனம் இல்லை. கிளிநொச்சியில் பிரபாகரன் பத்திரிகையாளர் மாநாடு வைத்தார். உலகமே வந்து வெயிலில் நின்றது. இயக்கத்தின் ஐஸ்கிறீம் கடைகளில் கனடாப் பிள்ளைகள் படம் எடுத்தார்கள். நான் முதன்முதலாக மலை உள்ள ஊருக்கு, கண்டிக்கு, அந்த வருடம்தான் போனேன்.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 2004 மார்ச்சில் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். டிசெம்பர் 26இல் கடல் வந்து முல்லைத்தீவைத் துடைத்தெடுத்தது. 2005 ஓகஸ்டில் வெளிநாட்டமைச்சர் கதிர்காமர் கொலை. நவம்பரில் ஜனாதிபதித் தேர்தலுக்கு வன்னிச் சனம் வாக்களிக்கக் கூடாது என்று தடுத்தார்கள். மகிந்த ராஜபக்ச இரண்டு லட்சத்துக்கும் குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கணக்கு உங்களுக்கே விளங்கும். 2006 ஓகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை வெடிக்க ஏ-9 மூடப்பட்டது. மூன்று நாளில் வள்ளிபுனத்தில் செஞ்சோலை வளாகத்தின் மேல் விமானப்படையின் கிபிர் குண்டு போட்டு, ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்.

"பிள்ளை பிடித்தார்கள்" என்பது உண்மையா, அரசின் பிரசாரமா?

உண்மை. வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்த்தது முதலிலிருந்தே இருந்தது. போர்நிறுத்த காலத்தில் மட்டும் யுனிசெவ் பதிந்தவை ஐயாயிரத்துக்கு மேல். ஆனால் "பிடிக்கிறாங்கள்" என்ற சொல் எல்லார் வாயிலும் வந்தது 2006க்குப் பிறகுதான். வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கியது. ஏற்கனவே ஒரு பிள்ளை மாவீரரான வீட்டுக்கு விலக்கு என்றார்கள், பிறகு அதுவும் போயிற்று. கலியாணம் கட்டியவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்று பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டினார்கள். பிறகு கட்டியவர்களையும் பிடித்தார்கள். பிடிபட்ட பெண் பிள்ளைகளின் தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். தப்பி ஓடினாலும் ஊரில் மறைய முடியாது.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா. மூத்தவன் ஆனையிறவில் மாவீரர். சுவரில் படம், நவம்பரில் மாலை, விளக்கு. இளையவனைக் கிணற்றடி வாழைக்குப் பின்னால் குழி வெட்டி, தகரம் போட்டு, மேலே சாம்பல் கொட்டி மறைத்து வைத்திருந்தா. பகலில் மகனுக்குச் சோறு கொண்டுபோகும்போது குப்பை கொட்டுகிற மாதிரிக் கடகத்தில் வைத்துக் கொண்டுபோவா. மூத்தவனின் படத்துக்கு மாலை போட வந்த அதே அரசியல்துறைப் பெடியள்தான் இளையவனைத் தேடியும் வந்தார்கள். அவ அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்தா. போன பிறகு மண் அள்ளித் தூற்றினா. இரண்டையும் நான் கண்ணால் கண்டேன்.

2009இல் வலைஞர்மடம் தேவாலயத்துக்குள் ஒளித்திருந்த பெடியளையும் பெட்டையளையும்கூட வந்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

கடைசி மாதங்களில் என்ன நடந்தது?

2008 செப்ரெம்பரில் ஐ.நா. ஆட்களைக் கிளிநொச்சியைவிட்டுப் போகச் சொன்னது அரசு. போக வேண்டாம் என்று சனம் அவர்களின் வாசலில் நின்று அழுதது. போனார்கள். 2009 ஜனவரி 2இல் கிளிநொச்சி விழுந்தது.

நாங்கள் பரந்தன் வீதியால் நடந்தோம். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு. ஜனவரி 21இல் சுதந்திரபுரம் பகுதியைப் பாதுகாப்பு வலயம் என்று அரசு அறிவித்தது. அதை நம்பிப் போன இடத்திலேயே ஷெல் விழுந்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்கும் விழுந்தது. பெப்ரவரி 12இல் மாத்தளன் கரையோரம் இன்னொரு வலயம். கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடையில் ஒரு நாடா அளவு மண்ணில் லட்சக்கணக்கான சனம். உள்ளே எழுபதாயிரம் பேர்தான் என்று அரசு கணக்குச் சொல்லி, அந்தக் கணக்குக்கும் குறைவாகவே சாப்பாடு அனுப்பியது. ஏப்ரல் 8ஆம் திகதி பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார் மேல் ஷெல் விழுந்தது. கையில் பால்மா அட்டையோடு கிடந்தார்கள்.

இயக்கம் சனத்தை விடவில்லை. கரையால் ஓடியவர்களைச் சுட்டது, காலுக்குக் கீழே சுட்டுப் பயமுறுத்தியது, சனத்துக்கு நடுவில் பீரங்கியை வைத்து அடித்தது. பதிலுக்கு வந்தது எங்கள் தலையில் விழுந்தது. யார் சுட்டது என்று கேட்கிறீர்கள். முன்னாலிருந்து இராணுவம், பின்னாலிருந்து இயக்கம். எண்ணிக்கையில் மிகப் பெரும்பகுதி இராணுவத்தின் ஷெல்லால் செத்தது, ஐ.நா. நிபுணர் குழுவும் 2011இல் அதைத்தான் எழுதியது. ஆனால் பின்னாலிருந்து வந்த சூட்டில் மகளைப் பறிகொடுத்தவருக்கு அந்த விகிதம் ஒரு ஆறுதலா?

ஏப்ரல் 20இல் இயக்கம் கட்டியிருந்த மண் அணையை இராணுவம் உடைக்க லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். நாங்கள் அன்றைக்கு வெளியேற முடியாமல் முள்ளிவாய்க்காலுக்குத் தள்ளப்பட்ட பக்கம். அங்கே அரிசி ஒரு பிடி, தண்ணீர் நிறைய, உப்புக் கொஞ்சம். இப்போது ஒவ்வொரு மே மாதமும் வீதியோரம் சிரட்டையில் கொடுக்கிறார்களே, அந்தக் கஞ்சி. மே 17இல் வட்டுவாகல் பாலத்தால் வந்தோம். ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: ஒரு நாள் இயக்கத்தில் இருந்தவரும் பதியுங்கள். என் தம்பியின் சிநேகிதன், பிடித்துக்கொண்டு போய்ப் பதினொரு நாள் மட்டும் வைத்திருந்தவன், நேர்மையாகக் கை உயர்த்தினான்.

எத்தனை பேர் செத்தார்கள்?

பொதுமக்கள் ஒருவரும் சாகவில்லை என்று அரசு முதலில் சொன்னது. நாற்பதாயிரம் வரை இருக்கலாம் என்பது ஐ.நா. நிபுணர் குழுவின் மதிப்பீடு. மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை கச்சேரிக் கணக்கை எடுத்துக் கழித்துக் காட்டினார்: 2008 ஒக்டோபரில் வன்னியில் 4,29,059 பேர், அரச கட்டுப்பாட்டுக்கு வந்தது 2,82,380 பேர். மிச்சம் 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். கழித்தல் கணக்குத்தான். விடை சொல்ல ஒருவரும் வரவில்லை.

தலைவர் உயிரோடு இருக்கிறாரா?

இல்லை. 2009 மே 19இல் உடலைக் காட்டினார்கள். சில நாட்களில் இயக்கத்தின் வெளிநாட்டுப் பொறுப்பாளரும் ஒப்புக்கொண்டார். இருக்கிறார், வருவார் என்று தமிழ்நாட்டில் இடைக்கிடை யாராவது சொல்வார்கள். அன்றைக்கு இங்கே இரண்டு நாள் பேச்சு நடக்கும், அப்புறம் நெல் விலைக்குத் திரும்பிவிடுவோம்.

வெளியே வந்தவர்கள் என்ன ஆனார்கள்?

செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம், முள்ளுக்கம்பிக்குள் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் லட்சம் சனம். கை உயர்த்தியவர்களும் காட்டிக்கொடுக்கப்பட்டவர்களும் தடுப்பு முகாம்களுக்குப் போனார்கள், பதினோராயிரத்துக்கு மேல். "தடுப்பால் வந்தவர்" என்பது இன்றைக்கும் ஒரு ஆளின் அடையாளமாக இருக்கிறது. பெண் பார்க்கப் போனாலும் கடன் கேட்டாலும் அது முன்னுக்கு வரும். உங்கள் அப்பா எழும்பிப் போவது அதனாலாக இருக்கலாம். அவராகச் சொல்லும்வரை விடுங்கள்.

திரும்பியே வராதவர்களும் உண்டு. மே 18இல் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப்போடு சரணடைந்து, பேருந்தில் ஏறியதைக் குடும்பங்கள் கண்ணால் கண்டவர்கள். அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் பந்தல் போட்டு இருந்தார்கள். வருடக்கணக்காக இருந்தார்கள். பதில் கிடைக்காமலே பல அம்மாமார் செத்துப்போனார்கள்.

கனகபுரத்துக்கு நாங்கள் போகலாமா, சேர்?

மாவீரர் துயிலும் இல்லத்தைத்தான் கேட்கிறார்கள். போரில் செத்த போராளிகளை எரிக்காமல் புதைக்கிற வழக்கத்தை இயக்கம் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. கனகபுரத்தில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் பெயர். போர் முடிந்ததும் இராணுவம் புல்டோசரால் தள்ளியது. 2016இலிருந்து சனம் உள்ளே போய் நவம்பர் 27இல் விளக்கேற்றுகிறது. சின்னமோ கொடியோ கொண்டுபோகாதீர்கள். பயங்கரவாதத் தடைச்சட்டம் இன்னும் இருக்கிறது, படம் எடுக்க ஆட்களும் வருவார்கள்.

போவதென்றால் ஒரு கிழமைக்கு முதல், புல்லுப் பிடுங்குகிற நாளில் போங்கள். உடைந்த கற்களை ஒரு பக்கம் குவித்து வைத்திருக்கிறார்கள். அரை எழுத்து, கால் எழுத்துத் தெரியும். எங்கள் ஒழுங்கை அம்மாவும் வருவா. மூத்தவனின் கல் எந்த வரிசையில் இருந்தது என்று அவவுக்கு இப்போது நிச்சயமில்லை. வேப்பமரத்திலிருந்து அடி எண்ணிக்கொண்டு போய், குத்துமதிப்பாக ஒரு இடத்தில் இரண்டு விளக்கு வைப்பா. இரண்டாவது யாருக்கு என்று கேட்காதீர்கள். இளையவன் மார்ச் மாதம் பொக்கணையில் பிடிபட்டவன்.